பன்மையா, உடைமையா? சிறு பிள்ளைகளுக்கு ‘கள்’ளையும் ‘இன்’னையும் பிரித்துக் காட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். 2, 3, 4ஆம் வகுப்புப் பிள்ளைகள். நான்காவது படிக்கும் ஒருத்தி தன் நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: ‘மாடுகள் கொம்பு உடைந்து விட்டது.’ உடைந்தது ஒரே ஒரு மாட்டின் கொம்புதான். “என்ன உடைஞ்சுச்சு?” என்று கேட்டேன். “மாட்டோட கொம்பு டீச்சர்” என்றாள், யோசிக்கவே இல்லை.

வாய்க்குத் தெரிந்தது கைக்கு வரவில்லை. சிக்கல் முழுக்க அவ்வளவுதான். பிள்ளைக்கு இலக்கணம் புதிதாகத் தெரிய வேண்டியதில்லை. பேச்சில் இருப்பதை எழுத்துக்குக் கொண்டுவர ஒரு பாலம் வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தப் பாலத்துக்கானது. ஒரு நாளைக்கு 20 நிமிடம் ஒதுக்கினால் மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் முடித்தவர்கள் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கினார்கள். அவர்களில் நானும் உண்டு.

1. தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் பிள்ளை கூட்டெழுத்து வாசிக்கிறதா என்று பாருங்கள். சங்கு, பட்டி, கத்தி, வெற்றி. இந்த நான்கையும் திக்காமல் வாசித்தால் போதும். ‘மரங்கள்’ எழுத ங்க வேண்டும். ‘வீட்டின்’ எழுத ட்டி, ‘மரத்தின்’ எழுத த்தி, ‘ஆற்றின்’ எழுத ற்றி வேண்டும். இவற்றில் தடுமாறும் பிள்ளைக்குப் பன்மையும் உடைமையும் சொல்லிக்கொடுத்தால், தவறு எங்கே வருகிறது என்று உங்களுக்கே தெரியாது. எழுத்துப் பிழையை இலக்கணப் பிழை என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். அரும்பு நிலைப் பிள்ளைகளை, அதாவது வாசிப்பில் இன்னும் தொடக்கப் படியில் இருப்பவர்களை, வாய்ப்பயிற்சியில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்து வேலை அதற்கு அடுத்த படியான மொட்டு நிலையிலிருந்து போதும்.

பொருள்கள்: நான்கு காலித் தீப்பெட்டி, ஒரு கை புளியங்கொட்டை, கொஞ்சம் கூழாங்கல், கிழித்த நாள்காட்டித் தாள் ஒரு கட்டு, சிவப்பு ஸ்கெட்ச் ஒன்று, நீலம் ஒன்று. சிவப்பு ‘கள்’ளுக்கு, நீலம் ‘இன்’னுக்கு. மூன்று வாரமும் இந்த நிறங்களை மாற்றாதீர்கள். வேறு பேனா கையில் கிடைத்தது என்று நடுவில் மாற்றினால், பிள்ளை நிறத்தை நம்புவதை விட்டுவிடும்.

இன்னொன்று. ‘கள்’ என்று தனியாகப் பலகையில் எழுதினால் வகுப்பு சிரிக்கும். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தெரியாத பிள்ளை கிடையாது. சிரித்து முடிக்கட்டும், அப்புறம் தொடங்குங்கள்.

2. பன்மையை முதலில் எடுங்கள், எண்ணிக்கை இல்லாமல்

பன்மை கண்ணுக்குத் தெரியும், உடைமை தெரியாது. அதனால் பன்மைதான் முதலில்.

புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு தன்னார்வலர் மூன்று புளியங்கொட்டையைக் கையில் வைத்து “இது எத்தனை?” என்றார். பிள்ளைகள் “மூணு கொட்ட” என்றார்கள். அவருக்கு ‘கொட்டைகள்’ வேண்டியிருந்தது. “கள் சேத்துச் சொல்லுங்க” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் பிள்ளைகள் ‘மூணு கள்’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

தவறு பிள்ளைகளிடம் இல்லை. தமிழில் எண் வந்துவிட்டால் ‘கள்’ளுக்குப் பெரிய வேலை கிடையாது. ‘ரெண்டு மாடு’, ‘பத்துத் தேங்காய்’ என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். ‘நிறைய மாடு’ என்றாலும் அப்படியே. ஆகவே ‘எத்தனை?’ என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதில் பெட்டிக்குப் பெயர் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு தீப்பெட்டியில் ஒரே ஒரு கொட்டை, இன்னொன்றில் ஐந்தாறு. இரண்டின் மேலும் சீட்டு ஒட்ட வேண்டும், எண் எழுதக் கூடாது. ‘கொட்டை’, ‘கொட்டைகள்’. எண்ணுக்கு இடமில்லாதபோதுதான் ‘கள்’ வேண்டியிருக்கிறது என்பது பிள்ளைக்குத் தானாகப் புரியும். பிறகு அட்டைகளில் படம் வரைந்து இதையே தொடருங்கள்.

3. ‘கள்’ ஒட்டும் சொற்களின் வரிசை

எளிதில் ஒட்டும் சொற்கள் முதலில்: கிளிகள், யானைகள், மாடுகள், வீடுகள், பாம்புகள். இவற்றில் மூலச் சொல் அசையாது. இரண்டு நாள் இவை மட்டும்.

அடுத்து ‘ம்’மில் முடிபவை: மரம், மரங்கள், குளம், குளங்கள். ‘மரம்கள்’ என்று பிள்ளை எழுதினால் வேகமாக ஐந்து முறை வாயால் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது முறையிலேயே நாக்கு ‘மரங்கள்’ என்று மாற்றிவிடும்.

மூன்றாவதாக பூக்கள், பசுக்கள். கடைசியில் கற்கள், பற்கள், முட்கள். இவை பேச்சில் கல்லு, பல்லு, முள்ளு என்றுதான் வரும். ஆகவே ‘கல்லுகள்’ என்று எழுதும் பிள்ளையைத் திட்ட முடியாது. சரியான வடிவத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டு நகருங்கள். ‘எழுத்துகள்’ளா ‘எழுத்துக்கள்’ளா என்று பெரியவர்களே தீர்க்காத வழக்கு ஒன்று உண்டு. அதை மூன்றாம் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம்.

4. இரண்டு நாள் எதுவும் செய்யாதீர்கள்

பன்மை முடிந்த மறுநாளே உடைமையைத் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ‘மாடின்கள்’ என்று ஒரு பிள்ளை எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு நாளும் கதை சொல்லுங்கள், கணக்குப் போடுங்கள்.

5. உடைமை: ‘ஓட’விலிருந்து தொடங்குங்கள்

பிள்ளைகளின் பைகளை நடுவில் குவித்து ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். “இது யாரோட பை?” வகுப்பே பதில் கத்தும். அந்த ‘ஓட’தான் நாம் தேடுவது. பலகையில் எழுதுங்கள்: தம்பியோட பை, தம்பியுடைய பை, தம்பியின் பை. பேசும்போது முதலாவது, எழுதும்போது மற்ற இரண்டு. ‘உடைய’ நீளம், ‘இன்’ குட்டை என்று சொன்னால் போதும். ஆறாம் வேற்றுமை என்ற பெயர் இப்போது வேண்டாம்.

முதல் நாள் ஆட்களை மட்டும் வைத்துச் சொல்லுங்கள்: தம்பி, அக்கா, அம்மா, தாத்தா. இ, ஐ ஒலியில் முடிந்தால் ‘யின்’: தம்பியின், தங்கையின். ஆ ஒலியில் முடிந்தால் ‘வின்’: அம்மாவின், தாத்தாவின். இதை விதியாகச் சொல்ல வேண்டாம். ‘அம்மாயின்’ என்று நீங்களே தவறாகச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் திருத்துவார்கள்.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. ‘அம்மாவோட புடவை’ வேறு, ‘அம்மாவோட கடைக்குப் போனேன்’ வேறு. பேச்சில் இரண்டும் ஒரே ‘ஓட’தான். அதனால் சில பிள்ளைகள் ‘அம்மாவுடைய கடைக்குப் போனேன்’ என்று எழுதுவார்கள். அம்மா கடை வைத்திருந்தால் அது சரியாகவும் ஆகிவிடும், அதுதான் தொல்லை. “அம்மாவும் கூட வந்தாங்களா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ‘அம்மாவுடன்’. அது இந்தப் பாடத்தில் சேராது என்று ஓரமாக வைத்துவிடுங்கள்.

6. ‘க்கு’ப் பாலம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாடு, வீடு, மரம் என்று பொருள்களுக்கு வந்ததும் பிள்ளைகள் ‘மாடின்’, ‘வீடின்’, ‘மரமின்’ என்று எழுதத் தொடங்குவார்கள். பன்மையில் மூலச் சொல் அசையாமல் இருந்ததே, இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். நியாயமான ஊகம்தான். ஆனால் உடைமையில் சொல் உடம்பை மாற்றிக்கொள்கிறது: மாடுகள், ஆனால் மாட்டின். மரங்கள், ஆனால் மரத்தின்.

விதி சொல்லி இதைப் புரியவைக்க முயன்று நான் தோற்றிருக்கிறேன். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த இன்னொரு வடிவத்தைக் கேட்டு வாங்குவதுதான் வழி. “புல்லை எதுக்குப் போடணும்?” “மாட்டுக்கு.” “பள்ளிக்கூடம் விட்டு எங்க போவ?” “வீட்டுக்கு.” “தண்ணி எதுக்கு ஊத்துற?” “மரத்துக்கு.” ‘மாடுக்கு’ என்றோ ‘மரமுக்கு’ என்றோ எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை.

இப்போது தாளில் ‘மாட்டுக்கு’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘க்கு’வைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே வெட்ட வேண்டும், அதுதான் நினைவில் நிற்கும். மிச்சம் ‘மாட்டு’. கடைசி ‘உ’வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீல ‘இன்’ வந்தால் ‘மாட்டின்’.

பாம்புக்கு, பாம்பின். பூவுக்கு, பூவின். பசுவுக்கு, பசுவின். கல்லுக்கு, கல்லின். யானைக்கு என்பதில் வெட்டியபின் ‘யானை’ மிஞ்சும், அதோடு ‘யின்’. வண்டு, நண்டு, கன்று போன்றவற்றில் எழுத்து இரட்டிக்காது என்று தனி விதி சொல்ல வேண்டியதே இல்லை. வண்டுக்கு என்று பிள்ளையே சொல்லிவிடுவதால் வண்டின் என்று தானாக வரும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. மேலூரிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும்? மாட்டுத்தாவணி. பஸ் பலகையில் ‘மாடுத்தாவணி’ என்று யாரும் எழுதுவதில்லை. மாட்டுச் சந்தை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள், பாவாடை தாவணி அல்ல என்றும் சொல்லிவையுங்கள், கேட்பார்கள். அதே சாலையில் ஒத்தக்கடை அருகே யானைமலை. அங்கே யானை மாறவில்லை. மாறும் சொல் ஒன்று, மாறாத சொல் ஒன்று, இரண்டும் ஒரே பஸ் பயணத்தில் கிடைத்துவிடுகின்றன.

7. ‘ஆத்து’வா ‘ஆற்று’வா

பாலம் கொஞ்சம் ஆட்டம் காண்பது இந்த இடத்தில். “எங்க குளிக்கப் போனீங்க?” “ஆத்துக்கு.” வெட்டினால் ‘ஆத்து’, அதிலிருந்து ‘ஆத்தின்’. கிணத்துக்கு, வயித்துக்கு, கயித்துக்கு எல்லாம் இதே கதை.

இங்கே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முழுப்பெயர் என்ன, கடைசி எழுத்து எது? ஆறு, கிணறு, வயிறு, கயிறு எல்லாம் ‘று’. கடைசி எழுத்து ‘று’ என்றால் பேச்சில் வரும் ‘த்து’வை எழுத்தில் ‘ற்று’ ஆக்க வேண்டும்: ஆற்றின், கிணற்றின், வயிற்றின். குளம் ‘ம்’மில் முடிகிறது, அதனால் குளத்தின் அப்படியே. வாத்து முதலிலிருந்தே ‘த்து’தான், அதனால் வாத்தின்.

இதற்கு முழுதாக இரண்டு நாள் கொடுங்கள். ‘வைகை ஆற்றின் கரை’, ‘கிணற்றின் படிகள்’, ‘தெப்பக்குளத்தின் நடுவில்’ என்று தெரிந்த இடங்களை வைத்து எழுதச் சொல்லுங்கள். ஒரே நாளில் 10 சொல்லுக்கு மேல் வேண்டாம்.

8. இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்: பசிச் சோதனை

இரண்டாம் வாரக் கடைசியில்தான் ‘மாடுகள்’ளையும் ‘மாட்டின்’னையும் ஒரே பலகையில் எழுத வேண்டும். அதற்கு முன் வேண்டாம்.

“மாட்டின்…” என்று சொல்லி நிறுத்துங்கள். வகுப்பு காத்திருக்கும். யாராவது ஒருவர் “மாட்டின் என்ன?” என்பார். அந்தச் சொல்லுக்குப் பசி, பின்னால் ஒரு பெயர் வந்தால்தான் அடங்கும். “மாடுகள்” என்று சொல்லி நிறுத்துங்கள். பசி இல்லை.

ஒரு கெட்டிக்காரப் பையன் என்னை மடக்கினான். “மாடுகள்னு நிறுத்தினாலும், என்ன செஞ்சுச்சுன்னு கேக்கத் தோணுதே டீச்சர்?” சரியான கேள்வி. அதற்கு அன்று பலகையில் செய்து பார்த்ததை அப்படியே தருகிறேன். ‘மேய்கின்றன’ என்று ஒரு சீட்டு, ‘கொம்பு’ என்று ஒரு சீட்டு. ‘மாடுகள்’ பக்கத்தில் ‘மேய்கின்றன’ வைத்தோம், சரியாக உட்கார்ந்தது. ‘மாட்டின்’ பக்கத்தில் அதையே வைத்து “மாட்டின் மேய்கின்றன” என்று வாசித்ததும் வகுப்பு சிரித்துவிட்டது. ‘மாட்டின் கொம்பு’ சரி. பிறகு ‘மாடுகள் கொம்பு’ என்று வைத்து வாசித்தோம். முதல் வரியில் நான் சொன்ன பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அது தன் நோட்டு வாக்கியம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆக, ‘இன்’னுக்குப் பின்னால் பெயர் வரும். ‘கள்’ளுக்குப் பின்னால் நேரடியாக ஒரு பெயர் ஒட்டி வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

‘வயல்’ என்ற சொல்லை மட்டும் எச்சரிக்கையோடு கையாளுங்கள். ‘வயலின் படம் வரைக’ என்று ஒருமுறை எழுதிப் போட்டேன். நெல் வயலை எதிர்பார்த்தேன். மூன்று பேர் பிடில் வரைந்திருந்தார்கள். பசியில்லாத வயலின் வாத்தியம், பசியுள்ள வயலின் வரப்புக்குக் காத்திருப்பது என்று அதையே பாடமாக்கிக்கொண்டேன். இப்போது வேண்டுமென்றே அந்த வரியை எழுதுகிறேன்.

9. நான்கு கட்டம்

இரண்டும் ஒரே சொல்லில் சேரும்போது வரிசை முக்கியம். முதலில் சிவப்பு, பிறகு நீலம்: மாடு + கள் + இன் = மாடுகளின். நீலம் முன்னால் வரவே வராது. ‘மாடின்கள்’ எழுதிய பிள்ளைக்கு இந்த ஒரு வரி போதும். நீலத்துக்குத்தான் பசி, அது அடுத்த பெயரின் பக்கத்தில் நிற்க வேண்டும், நடுவில் யாரும் வரக் கூடாது.

தாளை நான்காக மடித்து நான்கு படம் வரையச் சொல்லுங்கள்.

மாட்டின் வால்: ஒரு மாடு, ஒரு வால்.
மாட்டின் கொம்புகள்: ஒரு மாடு, இரண்டு கொம்பு.
மாடுகளின் தொட்டி: பல மாடு, ஒரு தொட்டி.
மாடுகளின் மணிகள்: பல மாடு, பல மணி.

படம் சரியாக வந்தால் புரிந்துவிட்டது. புரியாத பிள்ளை இரண்டாவது கட்டத்தில் இரண்டு மாடு வரையும். ‘கள்’ளைப் பார்த்ததும் முன்னால் இருக்கும் சொல்லையும் பெருக்கிவிடுகிறது. ‘கள்’ எந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், உடனே தெரிந்துகொள்ளும். மீனாட்சியம்மன் கோயில் இதற்கு நல்ல உதாரணம்: ஒரு கோயில், 14 கோபுரம். ‘கோயிலின் கோபுரங்கள்’ என்றுதான் எழுத வேண்டும், ‘கோயில்களின் கோபுரம்’ என்றால் படமே மாறிவிடும்.

10. எங்கள், உங்கள், அவர்கள்

இவற்றைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதுவரை சொன்ன இரண்டு அடையாளமும் இங்கே பொய்யாகிவிடும். ‘எங்கள் வீடு’ என்பதில் ‘கள்’ இருக்கிறது, பின்னால் பெயரும் வருகிறது, ‘இன்’னைக் காணோம். அப்படியும் சரியாக இருக்கிறது.

“எங்கள் அம்மான்னா எத்தனை அம்மா டீச்சர்?” என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்போதும் ‘எங்கம்மா’ என்றுதானே சொல்கிறாள். அந்தக் ‘கள்’ அம்மாவை எண்ணவில்லை, சொல்கிறவர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

இவற்றுக்கு விதி வேண்டாம், ஜோடி ஜோடியாக மனப்பாடம் போதும்: நான், என்; நீ, உன்; நாங்கள், எங்கள்; நாம், நம்; நீங்கள், உங்கள். மனப்பாடம் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஐந்து ஜோடிதான், சுளிக்காதீர்கள். ‘அவர்கள்’ மட்டும் ‘இன்’ எடுத்துக்கொள்ளும்: அவர்களின். மரியாதைக்காக ஒருவரையே அவர்கள் என்போம் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

11. நோட்டுத் திருத்தும்போது

சிவப்பு மையால் அடித்துச் சரியான சொல்லை நீங்களே எழுதிவிடாதீர்கள். பிழையான சொல்லின் கீழே சின்னதாக ‘பசி?’ என்றோ ‘க்கு?’ என்றோ எழுதுங்கள். எந்தச் சோதனையை மறந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ‘மாடுகள் கொம்பு’ என்றால் ‘பசி?’. ‘மாடின் கொம்பு’ என்றால் ‘க்கு?’.

‘மாட்டுக் கொம்பு’ என்று எழுதினால் அதுவும் சரிதான், தவறு போடாதீர்கள். ‘இன்’ மறைந்து நடுவில் ‘க்’ வந்திருக்கிறது. ஆனால் ‘இன்’ வெளிப்படையாக இருக்கும்போது அந்த ஒற்று வராது: மாட்டின் கொம்பு.

12. ஆங்கிலத்துக்குப் போகும்போது

தமிழில் பன்மைக்கும் உடைமைக்கும் ஒலியே வேறு. ஆங்கிலத்தில் ‘டாக்ஸ்’ என்றால் நாய்கள், நாயின், நாய்களின் மூன்றும் ஒரே ஒலி. எழுத்தில் எஸ்ஸுக்குப் பக்கத்தில் மேலே வரும் அப்பாஸ்ட்ரபி குறியை வைத்துத்தான் பிரிக்க முடியும். தமிழில் குழம்பும் பிள்ளையிடம் இதை ஆரம்பித்தால் இரண்டும் கெட்டுவிடும். அதனால் நான்கு கட்டம் முடிந்த பிறகே தொடங்குங்கள்.

முதல் கேள்வி தமிழிலேயே: இதை ‘நாய்கள்’ என்போமா, ‘நாயின்’ என்போமா? ‘நாய்கள்’ என்றால் குறியே கிடையாது. கடைப் பலகைகளில் வெறும் பன்மைக்கும் குறி போட்டிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், அதை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

‘நாயின்’ என்றால் உடையவரை முதலில் முழுதாக எழுத வேண்டும்: டாக். அப்புறம் குறி, அப்புறம் எஸ். ‘நாய்களின்’ என்றால் உடையவரே ‘டாக்ஸ்’, அதை முழுதாக எழுதிக் குறி மட்டும் போட்டால் போதும், இன்னொரு எஸ் வேண்டாம். சரிபார்க்க, குறியையும் அதற்கு வலப்பக்கம் இருப்பதையும் கட்டைவிரலால் மூடுங்கள். மிஞ்சுவதுதான் உடையவர். ஒரு நாயைச் சொல்ல நினைத்து ‘டாக்ஸ்’ மிஞ்சினால் குறி தப்பான இடத்தில் இருக்கிறது.

‘அதனுடைய’ என்ற பொருளில் வரும் ‘இட்ஸ்’ஸுக்குக் குறி கிடையாது. ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு ‘எங்கள்’ளைக் காட்டுங்கள்: அதுவும் ‘இன்’ இல்லாமல்தானே நிற்கிறது. இன்னொன்றையும் பாருங்கள். முதல் வாரம் அந்தக் குறியைப் பிள்ளைகள் காற்புள்ளி மாதிரி அடிக்கோட்டில் போடுவார்கள். நான்கு கோட்டு நோட்டில் மேல் கோட்டைத் தொட்டுப் போடச் சொன்னால் சரியாகிவிடும்.